அஞ்சடியில் நான் வைத்த தகரம்

கடை வாசலில் சாமான் வைக்காதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவனை ஊரில் ஒருவனும் வாழ்த்த மாட்டான். என்னைப் போல் வசை வாங்கிய சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த சமயம், மலாக்கா நகராட்சியில், காஜா பெராங் பக்கம் எனக்கு அந்த வேலை. கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் ஓடும் நடைபாதையை அஞ்சடி என்போம். அதைக் காலியாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அரிசி மூட்டை

மளிகைக் கடைத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, அஞ்சடியை மறித்து மூட்டை அடுக்கியிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை மனிதர்.

அப்போதுதான் நடேசப் பிள்ளை வந்தார். கம்போங் செட்டிக்காரர், இரண்டு கண்ணும் தெரியாது. பிரம்பு நாற்காலி பின்னும் கடைக்குத் தினமும் தடியை ஊன்றித் தனியாக நடந்து போவார். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கே அனுப்ப மாட்டேன் என்று மகன் கறாராகச் சொல்லியிருந்தான். மூட்டைக்கு ஓரடி முன்னால் டக்கென்று நின்றார். அவர் பேசுவது, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறித் தமிழை மறந்துபோன செட்டி மக்களின் மலாய். நான் தமிழில் சொல்கிறேன். "புது அரிசியா தவுக்கே? வாசனை நல்லாயிருக்கு. எந்தப் பக்கமா நடக்கணும்?"

தவுக்கே தானே மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கத்தினா கோபம் வருது. அவர் கேட்டா வெட்கமா இருக்குலா."

கண்ணை மூடிக்கொண்டு

ஒருநாள் நடேசப் பிள்ளை பின்னாலேயே நானும் கண்ணை மூடி நடந்து பார்த்தேன். பத்தடி தாண்டவில்லை, தூணில் மடேரென்று முட்டிக்கொண்டேன். அவரோ தையல் மிஷின் சத்தம், காப்பி வறுக்கும் வாசனை, கருவாடு என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அடேயப்பா!

"பயமே இல்லையா ஐயா?" என்றேன்.

"கண்ணில்லாததுக்குப் பயமில்ல தம்பி. நேத்து இல்லாத சாமான் இன்னிக்கு இருந்தா, அதுக்குத்தான் பயம்."

மெர்டேக்கா அலங்காரம்

ரோட்டில் ஊர்வலம் போக இடம் வேண்டுமே என்று, மண் நிரப்பிய தகரங்களில் கொடிக்கம்பு நட்டு அஞ்சடி நெடுக வைத்தேன். யார்? நான்தான்! கொடி பறக்கிற சந்தோஷத்தில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் காலை நடேசப் பிள்ளை தடுக்கி விழுந்தார். நெற்றியில் ரத்தம். மகன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "போதும்ப்பா. இனிமே வீட்டோட இருங்க."

"யாருடா வச்சது?" என்றார்.

"நான்தான் ஐயா," என்றேன்.

நடேசப் பிள்ளை மகனின் கையை உதறிக்கொண்டு எழுந்து, தடியால் தட்டியபடி நடந்தார். நான் அவருக்கு முன்னால் ஓடி ஓடித் தகரங்களை இழுத்துப் போட்டேன். அவர் திரும்பாமலே மகனிடம் சொன்னார்: "அப்ப தகரம் வச்ச இவனை வீட்டுல அடைச்சு வை. நான் வேலைக்குப் போறேன்."

அஞ்சடியை மறித்த எத்தனையோ பேருக்குச் சம்மன் எழுதினேன் சகோதரர்களே. என் பெயருக்கு ஒன்று எழுதாமல் விட்டதுதான் அந்த வேலையில் நான் காட்டிய ஒரே சலுகை.