தங்கையின் கால்

புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குவது அவள் வேலை. நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘அசையாதீங்க அக்கா’.

அவளுடைய தங்கை நீச்சல் பயிற்சியாளர். தொடையில் வந்த கட்டியைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புற்றுநோய் என்று தெரிந்தபோது அது நரம்பைச் சுற்றிப் படர்ந்திருந்தது. காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள்.

பெரிய டாக்டர் ஆய்வில் இருந்த ஒரு சிகிச்சையைச் சொன்னார். தூசியைவிடச் சிறிய உலோகத் துகள்களைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்துவார்கள். கதிர் படும்போது அதன் வீரியத்தை அவை கட்டிக்குள்ளேயே பெருக்கும். கட்டி சுருங்கினால் அதை மட்டும் அறுத்தெடுக்கலாம்.

“உலோகம்னா தங்கமா டாக்டர்?” என்றாள் தங்கை.

“இல்லம்மா, வேற உலோகம்.”

“அம்மா நகையெல்லாம் அக்காவுக்கே போட்டுட்டாங்க. இதுலயாவது எனக்குத் தங்கம் கிடைக்கும்னு பார்த்தேன்.”

டாக்டரே சிரித்துவிட்டார்.

கட்டி சுருங்கியது. கால் தப்பியது. லேசாகக் காலைத் தாங்கித் தாங்கி நடந்துவந்து தங்கை மறுபடி தண்ணீரில் இறங்கிய அன்று, அக்கா கரையில் நின்று அழுதாள்.

“போதும்க்கா, குளத்துல ஏற்கெனவே தண்ணி நெறைய இருக்கு!”

பிறகு இருமல் வந்தது. ஊசி போட்ட இடத்தில்தான் துகள்கள் வேலை செய்யும். நோயோ அதற்கு முன்பே நுரையீரலுக்குக் கிளம்பிப் போயிருந்தது.

கடைசி நாட்களில் தங்கை அந்தக் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டியே வைத்திருப்பாள். அக்கா பாதத்தைப் பிடித்துவிடுவாள். அவள் கைக்குள் இருக்கும்போதே அது குளிர்ந்துபோனது.

வேலைக்குத் திரும்பிய வாரம், கையில் கட்டியோடு ஒரு தச்சர் வந்தார். அவருக்கும் அதே ஊசிதான் போட்டிருந்தார்கள்.

“இது பலிக்குமாம்மா?”

“என் தங்கச்சிக்குக் கட்டி சுருங்குச்சுங்க. காலை எடுக்காம காப்பாத்திட்டாங்க.”

“இப்ப எப்படி இருக்கு அந்தப் பொண்ணு?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “அவ இப்ப உயிரோட இல்லைங்க. அவளுக்கு நுரையீரல் வரைக்கும் பரவியிருந்துது. உங்களுக்கு வேற எங்கயும் பரவலைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

தச்சர் மேசையில் ஏறிப் படுத்தார். பிறகு, நோயில்லாத கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவள் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தினாள். அதில் நெற்றியைச் சாய்த்து அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் இயந்திரத்தை இயக்கப் போனாள்.