ஆகலி

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் என்று என்னை வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகைக் காலை, ஒகேனக்கல் பக்கம் பரிசல் துறையில் நின்றபோது எனக்கு ஒரு நிமிடம்கூட நிலைகொள்ளவில்லை. அக்கரை ஊரில் எனக்குப் பெண் கேட்டிருந்தோம். பதில் வாங்கப் போகிறோம்.

மாப்பிள்ளையே பதில் வாங்கப் போவது வழக்கமில்லை. அடம்பிடித்துச் சித்தப்பாவோடு ஒட்டிக்கொண்டேன். பென்னாகரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தப் பெண் எனக்கு ரசம் ஊற்றினாள். அன்றிலிருந்து வேறு பெண் பேச்சை எடுத்தாலே எரிச்சல் வந்தது. அவர்கள் எங்கள் சனம்தான். மூன்று தலைமுறையாக அக்கரையில் குடியிருந்ததில் வீட்டுப் பேச்சு கன்னடமாகிவிட்டது. தமிழ் புரியும், பதில் கன்னடத்தில் வரும். மொரப்பூர்ப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கோ கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது.

பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது. நேராகப் போகத் தெரியாத சனியன் என்று முணுமுணுத்தேன்.

"பதறாத காரியம் சிதறாதுடா," என்றார் சித்தப்பா.

அக்கரையில் சத்தமே இல்லை. கவிழ்த்துப் போட்ட நாலைந்து பரிசல்கள், காயப்போட்ட வலை, ஒரே ஒரு தெரு. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவேயில்லை. ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல சேதி எங்கிருந்து வரும்?

பெண்ணின் அப்பா பாய் விரித்தார். எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு: சம்பந்தம் முடிவானால்தான் பெண் வீட்டில் கை நனைப்போம். சித்தப்பா மழையைப் பற்றி, ராகியைப் பற்றி எல்லாம் பேசி என் உயிரை வாங்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு தர்றதுன்னு முடிவாச்சுங்களா? தையில வெச்சுக்கலாங்களா?"

அவர் தலையை ஆட்டினார். "ஆகலி, ஆகலி."

ஆகலை. எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குள் பெண்ணின் அம்மா இரண்டு லோட்டாவில் பாயசம் கொண்டுவந்து வைத்தார். பெண் இல்லையென்று சொல்லிவிட்டுப் பாயசம் ஒரு கேடா? எழுந்தேன். சித்தப்பா கையைப் பிடித்தார், உதறினேன். கும்பிடுகூடப் போடாமல் துறைக்கு நடந்தேன். அவரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்.

துறையில் அந்த ஊர்ப் பரிசல்காரர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உடனே கிளம்பலாமா என்று கேட்டேன். "ஆகலி" என்று சொல்லித் துடுப்பை எடுத்தார்.

நடு ஆற்றில்தான் எனக்கு உறைத்தது. ஆகலை என்றவர் ஏன் துடுப்புப் போடுகிறார்? கேட்டேவிட்டேன்.

"ஆகலின்னா, ஆகட்டும்னு அர்த்தங்க."

திருப்பச் சொல்லிக் கத்தினேன். இந்த இழுப்பில் திருப்ப முடியாது, இக்கரையில் ஒதுங்கி, பரிசலைத் தலையில் சுமந்து கரையோரமாக ஆற்றின் மேல்பக்கம் நடந்து, அங்கிருந்து விட்டால்தான் அந்தத் துறையில் போய்ச் சேரும் என்றார். பரிசலை நானே சுமந்தேன்.

மறுபடி போனபோது வெயில் சாய்ந்திருந்தது. லோட்டா இரண்டும் வைத்த இடத்திலேயே ஈ மொய்த்துக் கிடந்தன. பெண் கதவோரம் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. இவன் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று சித்தப்பா எவ்வளவோ சொன்னார். நான் ஒரு லோட்டாவை எடுத்துக் குடிக்கப் போனேன். பெண்ணின் அப்பா அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார். எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக, தமிழிலேயே சொன்னார்.

"உங்க காது மேல எனக்கு வருத்தமில்லீங்க. இந்தக் கோவத்துக்குப் பொண்ணு குடுக்க ஆகாதுங்க."