பிரதட்சிணமாகச் சுற்றிய புரொப்பல்லர்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. கூடவே படகு வியாதி. முதலாவதற்கு மாத்திரை உண்டு. தொண்ணூறுகளில் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ரிமோட்டில் ஓடும் படகுகள்தான் குடியிருந்தன. பொம்மை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். மாடல் என்று சொல்ல வேண்டுமாம். ஐயா வாரம் முழுக்க பேங்க் ஆபீசர், ஞாயிற்றுக்கிழமை கப்பல் கேப்டன்.

மழைக்காலம் வந்தால் பெருங்குடிப் பக்கம் ஒரு பள்ளத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அங்கேதான் ஓட்டுவார். நடுவில் படகு பாசியில் சிக்கினால் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அப்படி ஒரு முறை இறங்கியபோது பாட்டில் துண்டு பாதத்தைக் கிழித்துவிட்டது. சர்க்கரையில் மரத்துப்போன கால், அவருக்குத் தெரியவே இல்லை. வாசலில் ரத்தத்தைப் பார்த்து நான்தான் அலறினேன். பொங்கலுக்கு முன்னால் பட்ட காயம் மாம்பழ சீசனில்தான் மூடியது.

"இன்னொரு தடவை இப்படி வந்தா விரலை எடுக்கறதோட நிக்காது" என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இந்த மனுஷரோ, "படகு ஓட்டலாமோன்னோ?" என்று டாக்டரைக் கேட்டார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்புச் சொன்னேன். "ஏன்னா, இனிமே நீங்க தண்ணில கால் வைக்கப்படாது. மாட்டிண்ட படகை இழுத்துண்டு வர இன்னொரு படகு பண்ணுங்கோ. இல்லேன்னா நம்மாத்துல இருக்கற அத்தனையும் காயலான் கடைக்குப் போயிடும்."

மீட்புப் படகு அப்படித்தான் பிறந்தது. கட்டிக் கொடுத்தவர் கோடம்பாக்கத்து நண்பர். சினிமாவில் கப்பல் மூழ்கும் காட்சிகளுக்குக் குட்டிக் கப்பல் செய்கிறவர். உடம்பு, மோட்டார், கொக்கி எல்லாம் தயார். படகைத் தள்ளும் விசிறி, அதாவது புரொப்பல்லர், எதைப் போடுவது என்பதில்தான் இரண்டு பேருக்கும் குடுமிப்பிடிச் சண்டை.

தி. நகரில் வாங்கிய பிளாஸ்டிக் புரொப்பல்லர் இரண்டைக் கொல்லைத் தொட்டியில் சோதித்தோம். "சின்னதைப் போடு மச்சி. இந்தக் காத்தாடிக்கு அம்பு மாதிரி போவும்" என்றார் நண்பர். போயிற்று. நான் உள்ளே போய் ஒரு தேங்காயை எடுத்து வந்து, நூலில் கட்டிப் படகின் பின்னால் மாட்டினேன். "இப்போ விடுங்கோ பார்க்கலாம்." புரொப்பல்லர் விர்ரென்று சுற்றியது. தேங்காய் நகரவில்லை. பெரியதை மாட்டினார்கள். தேங்காய் நகர்ந்தது, ஆனால் மோட்டார் சுட்டுத் தீய்ந்த வாடை வந்தது.

"ஓட்டப் பந்தயத்துக்கா போறது? இழுக்கணும். மோட்டாரும் சாகப்படாது. நடுவாந்திரமா, மூணு இலை வெச்சுப் பண்ணுங்கோ" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படியே பித்தளையில் வார்த்துத் தருவதாக நண்பர் சொன்னார். "எந்தப் பக்கம் சுத்தணும் மச்சி?" என்று கேட்டார். "பிரதட்சிணமா" என்றார் என் கணவர். மயிலாப்பூரில் கோயிலைச் சுற்றி வளர்ந்தவர், கடிகார முள் சுற்றுகிற பக்கம் என்றா சொல்வார்!

தகதகவென்று புரொப்பல்லர் வந்தது. மாட்டி, முன்னால் போகும் பொத்தானை அழுத்தினால், படகு பின்னால் வந்து தொட்டிச் சுவரில் இடித்தது.

"பின்னாடி நின்னு பார்த்தா பிரதட்சிணமா சுத்தணும்டா! நீ மாத்திப் பண்ணிட்டே" என்றார் இவர்.

"இன்னா மச்சி பேசற? சாமியை யாராச்சும் முதுகுப் பக்கம் நின்னு கும்பிடுவாங்களா? மூஞ்சிக்கு நேரா நின்னுதான் பார்த்தேன். என் மேல இன்னா தப்பு கீது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தப்பு சாமி மேல்தான். கடைசியில் மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் மாற்றிக் கொடுத்ததும் புரொப்பல்லர் எதிர்ப்பக்கம் சுற்றி, படகு முன்னால் போனது. தேங்காய் சமர்த்தாகப் பின்தொடர்ந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் அடை வார்த்தேன்.

மழை பெய்து பள்ளம் நிரம்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். அங்கே இவருடைய செல்லப் படகு வழக்கம்போல நடுவில் சிக்கிக்கொண்டது. மீட்புப் படகு ஆடி அசைந்து கிளம்பியது. எனக்கு அப்படி ஒரு பெருமை! பக்கத்தில் போய்க் கொஞ்சம் தாண்டிவிட்டது. கொக்கியை மாட்டுவதற்காக இவர் பின்னால் வரச்செய்தார். பின்னால் வர புரொப்பல்லர் திசை மாறிச் சுற்ற வேண்டும், அதாவது பிரதட்சிணமாக. ஒயரை மாற்றிய பிறகு அது பிரதட்சிணமாகச் சுற்றியதே அந்த ஒரு நிமிஷம்தான். அந்தப் பக்கம் சுற்றச் சுற்றத் திருகு கழன்று, பித்தளைப் புரொப்பல்லர் தண்ணீருக்குள் போய்விட்டது.

இப்போது நடுத்தண்ணீரில் இரண்டு படகுகள். நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் திரும்புவதற்குள் இவர் பேண்ட்டைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் இறங்கிவிட்டேன்.

"ஏய், வேண்டாம்டி! கீழ கண்ணாடி இருக்கும்! நில்லு!" என்று கரையிலிருந்து கத்தினார். ஆக, கண்ணாடி இருக்கும் என்று ஐயாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நான் நிற்கவில்லை. இரண்டு படகுகளையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேறு வழியத் திரும்பி வந்தேன்.

கரையேறியதும் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை என் காலில் ஊற்றி, கைக்குட்டையால் துடைத்து, ஒவ்வொரு விரலிடுக்காகப் பிரித்துப் பார்த்தார். படகுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகலை. இப்போ உங்க காலைக் காட்டுங்கோ" என்றேன்.

வீட்டில் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லை, போ" என்று காலை இழுத்துக்கொள்கிற மனுஷர். அன்று தானே ஷூவைக் கழற்றி, காலை என் மடியில் நீட்டினார்.