சாரின் சம்சாரம், பத்து நிமிடம்

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சனி, ஞாயிறு வந்தால் வீட்டில் உட்காரத் தெரியாது. ஒரு மைதானத்தில் பூக்காட்சி, இன்னொன்றில் நாடகம், ஒரு கூடத்தில் கவிதை வாசிப்பு, தெருமுனையில் நட்சத்திர விளக்குகளைக் கட்டிக்கொண்டு குடியிருப்போர் சங்க விழா. குளிருகிறது என்று காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். அது என்ன குளிரோ! எங்கள் வீட்டில் மின்விசிறி மூன்றாம் எண்ணில் ஓடிக்கொண்டிருக்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை. கழக்கூட்டத்திலிருந்து பஸ் பிடித்து, எந்த மேடை கண்ணில் படுகிறதோ அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம். அவர் கடலை கொறித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்ப்பார். நான் மைக்கைப் பார்ப்பேன். உள்ளதைச் சொல்கிறேனே, நாற்பத்தெட்டு வயதாகியும் எனக்குத் தீராத ஆசை ஒன்று இருந்தது. ஒரே ஒரு தடவை மேடை ஏறி, மைக் முன்னால் நின்று, நாலு பேர் கேட்கப் பேச வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். "உன் தொண்டைக்கு மைக் கிழிஞ்சிரும்" என்று வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நான் சாதாரணமாகப் பேசினாலே மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். பெண் பார்க்க வந்த அன்று வாயைத் திறக்காதே என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மெதுவாகப் பேசு என்றார்கள். இந்த ஊருக்கு வந்தும் அதே கதைதான்.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர்தான். எல்லோருக்கும் அவர் டீச்சர். நான் ஊருக்குப் போன் போட்டால் போதும், சமையலறை ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து குரல் வந்துவிடும். "சேச்சீ, ஒந்நு பதுக்கெ!" பதுக்கெ என்றால் மெதுவாக. நான் படித்த முதல் மலையாளச் சொல் அதுதான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஒரு சாயங்காலம், என் வீட்டுக்காரர் குழம்பிய முகத்தோடு வேலையிலிருந்து வந்தார். அவர் வேலை பார்ப்பது வானிலை அலுவலகத்தில். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது டீச்சர் போன் செய்திருக்கிறார். அந்த இரைச்சலில் காதில் விழுந்ததைக் கொண்டுவந்து என்னிடம் கொட்டினார்.

"ஏட்டி, நம்ம சங்கத்து விழாவுக்குக் கூப்பிடுதாவ. பிரசங்கமெல்லாம் எனக்கு வராது டீச்சர்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டேன். பிரசங்கம் வேண்டாமாம். 'சாறின்றெ சம்சாரம் மதி'ன்னாவ. மதின்னா போதும்தானே?"

"ஆமா, போதும்."

"அப்போ என் சம்சாரம் போதுமாம். பத்து நிமிஷம்."

நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நல்லாக் கேட்டீங்களா?"

"சத்தியமா சம்சாரம்னுதான் சொன்னாவ. அதுலயும் செறிய சம்சாரம்னாவ. அதுதான் எனக்கு விளங்கல. எனக்கு எங்க பெருசு சிறுசுன்னு ரெண்டு இருக்கு?"

"அந்த நினைப்பு வேற இருக்கா உங்களுக்கு!" என்றேன். ஆனால் என் மனசு அதற்குள் மேடையில் ஏறியாகிவிட்டது.

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. பிரசங்கம் வேண்டாம், சாரின் சின்னப் பேச்சு ஒன்று போதும் என்றுதான் டீச்சர் கேட்டிருக்கிறார். இந்த வருடக் குளிரைப் பற்றி அவர் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். வந்து ஆறே மாதமான எங்களுக்கு இது எங்கே தெரியும்? எங்கள் ஊரில் சம்சாரம் என்றால் பெண்டாட்டி. வேறு அர்த்தமே கிடையாது.

இரண்டு வாரம் எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. நாலு பக்கத்துக்கு எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய அவையோர்களே" என்று தொடங்கி, தமிழும் மலையாளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடித்தேன். இடையில் ஒருநாள் லிஃப்டில் டீச்சர் என் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறார். "சாறே, சம்சாரம் தயாராயோ?" என்று கேட்டாராம். "ரெடியா இருக்கா டீச்சர், ராத்திரி பகலா மனப்பாடம் பண்ணுதா" என்று இவர் சொல்லியிருக்கிறார். டீச்சர் ரெடி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "நீளம் கூடருது கேட்டோ" என்று சிரித்தாராம். பேச்சு நீண்டுவிடக் கூடாது என்று அதற்குப் பொருள். இவர் வீட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "உயரம் கூடாதுங்காவ. மைக் எட்டாதோ என்னமோ?" நான் ஐந்தடி எட்டு அங்குலம். மைக்கை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள் என்று கத்தினேன். கீழேயிருந்து உடனே "பதுக்கெ" வந்தது.

விழா ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் மைதானம் நிரம்பி வழிந்தது. குழந்தைகள் ஆடினார்கள். ஒருவர் புல்லாங்குழல் வாசித்தார். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, முதல் வரிசையில் நாலு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை ஈரமாகி மை எல்லாம் கலங்கிவிட்டது. டீச்சர் மைக்குக்கு வந்தார்.

"அடுத்ததாயி, நம்முடெ சாறின்றெ சம்சாரம்!"

கைதட்டினார்கள். நான் எழுந்து நடந்தேன். படி ஏறினேன். டீச்சர் என்னைப் பார்த்துத் திகைத்து, "சேச்சி எவிடேக்கா? சாறல்லே வரேண்டது?" என்றார். எங்கே வருகிறீர்கள், சார்தானே வர வேண்டும் என்று கேட்கிறார் என்பது அப்போது எனக்கு எங்கே புரிந்தது?

"நீங்கதானே டீச்சர் சாரோட சம்சாரம்னு கூப்பிட்டீங்க? நான்தான் சம்சாரம்."

மைக் அதைப் பிடித்து மைதானம் முழுக்க எறிந்தது. பிறகு பின்வரிசையில் தமிழ் தெரிந்த யாரோ, "தமிழில் சம்சாரம் எந்நு வெச்சால் பார்ய!" என்று கூவினார். அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, வரிசை வரிசையாகச் சிரிப்பு வந்து மேடையில் மோதியது. டீச்சர் என் காதில் விஷயத்தைச் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மனுஷன் நாற்காலிக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். "சாரமில்லா, சேச்சி இருந்நோளூ" என்று டீச்சர் கையைப் பிடித்தார். பரவாயில்லை, போய் உட்காருங்கள் என்கிறார். இத்தனை வருடம் உட்கார்ந்தது போதாதா? இப்போது இறங்கினால் இந்த ஜென்மத்தில் இனி ஏற மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"பத்து நிமிஷம்னு சொல்லியிருக்கீங்க. பேசிட்டு இறங்குதேன், டீச்சர்."

காகிதத்தைப் பிரித்தேன். "பெருமதிப்பிற்குரிய..." என்றேன். குரலைக் காணோம். நாற்பத்தெட்டு வருடம் எல்லோரையும் காதைப் பொத்த வைத்த தொண்டையிலிருந்து எலி கீச்சிட்டதுபோல ஏதோ வந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து டீக்கடைப் பக்கம் திரும்பினார்கள். முன்வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. அப்போது மேடை ஓரத்திலிருந்து டீச்சர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சேச்சீ, உறக்கெ! உறக்கெ பற!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உரக்க. இது நம் சொல்லாயிற்றே! அங்கேயும் அதுதான் பொருள், இங்கேயும் அதுதான். ஆறு மாதமாக எங்களை ஏமாற்றிய இந்த இரண்டு பாஷைகளிலும் ஒரே மாதிரி நின்றிருந்த சொல். அதை என்னிடம் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, பதுக்கெ டீச்சர் சொல்கிறார்!

நாலு பக்கத்தையும் நாலாக மடித்தேன். தொண்டையைத் திறந்தேன்.

"நான் இந்த ஊருக்கு வந்த மறுநாள், வாட்ச்மேன் கதவைத் தட்டி, சேச்சி, வெள்ளம் வந்நுன்னாரு!"

டீக்கடைக்குப் போனவர்கள் நின்று திரும்பினார்கள். வெள்ளம் என்றால் அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர். எங்களுக்கு ஊரையே அடித்துக்கொண்டு போவது. ரேஷன் கார்டையும் அரிசி மூட்டையையும் பரணில் ஏற்றிவிட்டு, நானும் நாற்காலிமேல் ஏறி நின்று, இவரையும் ஏறச் சொன்னதைச் சொன்னேன். நாலாவது மாடியில்! மைதானம் ஆடியது. எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். "ஆன்ட்டி, எனிக்கொரு நல்ல அவசரம் கிட்டி" என்று துள்ளிக்கொண்டு வந்தாள். நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது, ஐடி பூங்காவில் வேலை என்று சொல்ல வந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டேன். "அவசரம்னா முதல்ல உள்ள போம்மா!" அந்தப் பெண் மூன்றாவது வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கடைசியாக, என் வீட்டுக்காரர் லிஃப்டில் என்னை ரெடி என்று சொன்ன கதையைச் சொன்னேன். டீச்சர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் மணி அடிக்க வேண்டியவர் அவர்தான். மணி மடியில் கிடந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் பேசினேன். முடித்தபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. ஜெயித்துவிட்டேன்! மைக்கும் கிழியவில்லை. என் வீட்டுக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தார், வெள்ளம் வந்த அன்றுபோலவே.

மறுநாள் காலையில் அக்காவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து "சேச்சீ!" என்றது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பதுக்கெயா டீச்சர்?"

"அல்ல, சாறினெ விளிக்கூ."

சாரைக் கூப்பிடச் சொல்கிறார் என்று கூப்பிட்டேன், என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்தார். கரமனைப் பக்கத்தில் இன்னொரு குடியிருப்போர் சங்கம் விழா நடத்துகிறதாம். "அடுத்த ஞாயறாழ்ச்ச, அவர்க்கு சாறின்றெ சம்சாரம் வேணும்."

அவர் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. "எந்தச் சம்சாரம், டீச்சர்? மலையாளத்துலயா, தமிழ்லயா?"

"தமிழ்! தமிழ் தன்னெ!"

"வருவான்னு சொல்லிரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் அவரைத் தள்ளிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டி, நானே பதில் சொன்னேன், உரக்க.