கோலாலம்பூரில் இறங்கிக்கொண்ட ஜெயசித்ரா

திருபுவனையில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் இரண்டு ஜெயசித்ராக்கள் உண்டு. யாராவது வந்து பெயரைச் சொல்லிக் கேட்டால், "எந்த ஜெயசித்ரா, குண்டு ஜெயசித்ராவா?" என்று திருப்பிக் கேட்போம். உடம்பை வைத்துச் சொல்வதல்ல. அவர் குண்டு எறிகிறவர். நாலு கிலோ இரும்புக் குண்டைக் கழுத்தோடு அணைத்து, காலை மாற்றி வைத்து, ஒரு உந்து உந்தினால் அது போய் விழும் இடத்தில் மண் குழிந்துபோகும். அவருக்கு வயது நாற்பத்தேழு.

நெட்டப்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போனவர்கள். பள்ளியில் படிக்கும்போது குண்டு எறிதலில் பாண்டிச்சேரி அளவில் இரண்டாவதாக வந்திருக்கிறார். பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பிறகு கம்பெனி என்று இருபத்துநாலு வருஷம் குண்டைத் தொடவே இல்லை. நாற்பதாவது வயதில் கம்பெனியின் விளையாட்டு விழாவில் சும்மா ஒரு கை போட்டுப் பார்க்கலாமே என்று நின்றார். அவர் எறிந்தது கயிற்றைத் தாண்டிப் போய் ஷாமியானா கம்பத்தில் மோத, பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேனேஜரின் வீட்டம்மா நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார். அன்றைக்கு ஜெயசித்ராவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். பந்தல்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஷிப்ட் முடிந்து வந்ததும் ஊர் அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போவது வழக்கமாயிற்று. வீட்டுக்காரர் குழந்தைவேல் கொத்தனார். சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் கொடுப்பார். எறிந்த குண்டைப் பொறுக்கி வருவதும் அவர் வேலைதான். ஆரம்பத்தில் ஊரில் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது.

முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனியாகத் தடகளப் போட்டிகள் நடக்கின்றன. மூத்தோர் தடகளம் என்பார்கள். வயதுவாரியாகப் பிரித்துப் போட்டி வைப்பார்கள். ஜெயசித்ரா பாண்டிச்சேரியில் முதலாவதாக வந்தார், அகில இந்தியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். பத்து மீட்டரை மட்டும் தாண்டவே முடியவில்லை. ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில் எங்கேயோ குண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வெள்ளியை வைத்து, நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் நடக்கவிருந்த சர்வதேசப் போட்டிக்கு அவர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். போக வர டிக்கெட் மட்டும் அவரவர் பொறுப்பு.

"பேரு வந்ததே போதும்பா" என்று பஸ்ஸில் எங்களிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட் விலை எங்களுக்கும் தெரியும்.

அவருக்கு ஒரே தம்பி, பாக்யராஜ். போர்வெல் பம்பு பொருத்தும் கம்பெனி ஒன்றில் வேலை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு மாறி மாறி அனுப்புவார்கள். அப்போது ஜாம்பியாவில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"அக்கா, நா பிளேன்ல போறப்பல்லாம் என் கணக்குல மைல் ஏறிகினே இருந்துகீது. கம்பெனிதான் டிக்கெட் போடுது, ஆனா மைலு நம்ம பேர்ல. ஒன்பது வருஷத்து மைலு. வருஷக் கடைசில செத்துப் போயிடுமாம்."

"மைலுன்னா இன்னாடா?"

"பாயிண்ட்டு மாதிரி. அத குடுத்தா காசுக்குப் பதிலா டிக்கெட் தருவான். வரி மட்டும் கட்டணும், அத நா கட்றேன். இன்னொன்னு கேளு. அந்த ஏர்லைன்காரன் கோலாலம்பூர்லேர்ந்து கிறைஸ்ட்சர்ச்சுக்குப் புதுசா பிளேன் வுடப் போறானாம். மெயில் வந்துகீது. அந்தப் பேரைப் பாத்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சி."

அதற்கு ஜெயசித்ரா, "அந்த மைல வச்சி நீ உன் பொண்டாட்டி புள்ளைங்கள எங்கனா கூட்டிகினு போடா" என்றிருக்கிறார்.

"அவதான் உனுக்கு போன் பண்ணச் சொன்னா" என்றான் தம்பி.

ஆனால் மைல் இருந்தால் மட்டும் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு விமானத்திலும் மைலுக்கென்று கொஞ்சம் சீட்டுகளைத்தான் ஒதுக்குகிறார்கள். அதுவும் புதிய வழித்தடம் என்பதால் உலகம் முழுக்க ஆட்கள் காத்திருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாக்யராஜ் வேலை செய்த இடத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பாஸ்வேர்டை அக்காவிடமே கொடுத்துவிட்டான். காலையில் கம்பெனி பஸ் ஏறியதும் ஜெயசித்ரா போனை எடுத்துத் தேதி தேதியாகத் தேடுவார். மடுகரை வரும்போது ஒரு சீட்டு காட்டும், திருபுவனை வருவதற்குள் போய்விடும். பஸ்ஸில் எல்லோருக்கும் இது தொற்றிக்கொண்டது. டிரைவர் கூடக் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, சீட்டு வுழுந்துச்சா?" என்று கேட்பார்.

போகிற டிக்கெட் ஒரு வழியாகக் கிடைத்தது. திரும்பி வருவதற்குத்தான் சிக்கல். போட்டி முடிந்த மறுநாள் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் ஒரு சீட்டு இருந்தது. ஆனால் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நாலு நாள் கழித்துத்தான் இடம். இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் மைல் பற்றாது. ஜெயசித்ராவின் மகள் அந்த இணையதளத்தைத் துருவிப் பார்த்தபோது ஒரு விதி கண்ணில் பட்டது. மைல் டிக்கெட்டில் வருகிறவர்கள் வழியில் கோலாலம்பூரில் இறங்கிச் சில நாள் தங்கிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம், அதற்கென்று கூடுதல் மைல் கிடையாது. ஸ்டாப்ஓவர் என்று பெயர். ஆனால் அதை இணையத்தில் போட வழியில்லை. போனில் கேட்க வேண்டும்.

முதல் தடவை பேசிய ஆள் கம்ப்யூட்டர் காட்டவில்லை, முடியாது என்று வைத்துவிட்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் இருந்தே ஜெயசித்ரா மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை எடுத்தது ஒரு தமிழ்க் குரல்.

"ரெண்டு தனி டிக்கெட்டாதான் காட்டுது அம்மா" என்றார் அந்தப் பெண்.

"நடுவுல எறங்கிக்கலாம்னு உங்க சைட்டுலயே போட்டுகீதுங்க. நாலு நாள்தான். நா குண்டு எறியுற போட்டிக்குப் போறேங்க. இது இல்லன்னா திரும்பி வர வழியில்ல."

"குண்டா?"

"இரும்பு குண்டுங்க. விளையாட்டு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இருங்க, எங்க சூப்பர்வைசர்கிட்ட கேட்டு வரேன்" என்றார். பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கேண்டீனில் நாங்கள் யாரும் தட்டில் கை வைக்கவில்லை. சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

"சரி அம்மா, ஒரே டிக்கெட்டா சேத்துட்டேன். உங்க தம்பி போனுக்கு ஓடிபி போகும். அதைச் சொன்னா முடிஞ்சுது. கொஞ்ச நேரம்தான் சீட்டைப் பிடிச்சு வைக்க முடியும்."

பாக்யராஜுக்கு என் போனிலிருந்து அடித்தோம். மணி போகவே இல்லை. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை, மூச்சு வாங்க அவன் குரல் வந்தது. அக்கா மதியம் பேசப் போகிறாள் என்று தெரிந்து, சிக்னலுக்காகத் தண்ணீர் டேங்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தானாம். ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொன்னான். ஜெயசித்ரா அதை மறு போனில் திருப்பிச் சொன்னார்.

"போட்டாச்சு அம்மா. ஜெயிச்சுட்டு வாங்க" என்றது அந்தக் குரல். கேண்டீன் முழுக்கக் கை தட்டியதில் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

கிறைஸ்ட்சர்ச்சில் நடந்ததை அவர் எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். அங்கே அது கோடைக் காலமாம். ஆனால் போட்டியன்று தெற்கிலிருந்து ஒரு காற்று கிளம்பி, கூடவே தூறலும் பிடித்துக்கொண்டது. விரல் மரத்துப் போய், குண்டு கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வட்டத்தின் சிமெண்ட் ஈரம். முதல் எறியில் கால் வழுக்கி வெளியே போனது, ஃபவுல். இரண்டாவதும் ஃபவுல். மூன்றாவதைப் பயந்து பயந்து போட்டார், எட்டு மீட்டர்கூடப் போகவில்லை. மூன்று எறிக்குப் பிறகு முதல் எட்டுப் பேருக்குத்தான் மேற்கொண்டு வாய்ப்பு. ஜெயசித்ரா கடைசிக்கு முந்தின இடம்.

குண்டைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே போட்டியில் ஐந்தாவதாக வந்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மலேசியத் தமிழச்சி, பரமேஸ்வரி. போலீசில் வேலை பார்க்கிறவள்.

"உங்க ஊர்ல குளிரே கிடையாதா?" என்று பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"மார்கழில கொஞ்சம் இருக்கும். இது குளிரா, கொலையா?"

"நீங்க பயிற்சி எடுக்கும்போது பார்த்தேன். என்னைவிட நல்லா போடுறீங்க லா. எப்ப ஊருக்கு?"

கோலாலம்பூரில் நாலு நாள் இறங்க வேண்டியிருக்கிறது என்று ஜெயசித்ரா சொன்னார். தம்பி ஏர்போர்ட் பக்கத்தில் மலிவாக ஒரு லாட்ஜ் பார்த்து வைத்திருப்பதாகவும், அங்கே அடைந்து கிடக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

பரமேஸ்வரி அவரை ஒரு தடவை பார்த்தாள். "சனிக்கிழமை எங்க ஊர்ல ஓப்பன் மீட் இருக்கு. மூத்தோருக்குத்தான். வெளிநாட்டுக்காரங்களும் எறியலாம். லாட்ஜ் எல்லாம் வேணாம், என் வீட்டுக்கு வாங்க."

விமானம் இறங்கிக் கதவு திறந்ததும் கோலாலம்பூரின் வெக்கை வந்து முகத்தில் அடித்தது. ஜெயசித்ரா சொல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "அப்பாடான்னு இருந்துச்சி. பங்குனி மாசத்து நெட்டப்பாக்கம் மாதிரி." இரண்டு நாள் பரமேஸ்வரியோடு மைதானத்துக்குப் போனார். சிமெண்ட் வட்டத்தில் காலை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் இருவரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஊரில் சுண்ணாம்பு வட்டத்தில் கால் மண்ணில் பதியும். இங்கே பதியாது. பாதத்தைத் திருப்பித்தான் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை உச்சி வெயில். பதினோரு பேர். முதல் எறியே ஒன்பதரையைத் தாண்டியது. பரமேஸ்வரி அவருக்கும் மேலே போட்டாள். மறுபடி ஜெயசித்ரா அதைத் தாண்டினார். ஐந்தாவது எறியில் பரமேஸ்வரி பத்து மீட்டருக்கு ஒரு விரல்கடை குறைவாகப் போட்டுவிட்டு, இதற்குமேல் என்னால் ஆகாது என்பதுபோலக் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

கடைசி எறிக்கு ஜெயசித்ரா வட்டத்துக்குள் போனார். வியர்வை கழுத்தில் வழிந்து குண்டு நழுவியது. வெளியே வந்து துடைத்துக்கொண்டு மறுபடி போனார். என்ன நினைத்தீர்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். "ஒன்னும் நெனைக்கல. கால மட்டும் பாத்தேன்" என்றார். கால் நின்றது. இடுப்பு திரும்பியது. கையை விட்டுப் போன குண்டு எங்கே விழுந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் பரமேஸ்வரி சீட்டியடித்துவிட்டாள்.

பத்து மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர். அதற்குப் பிறகு எறிந்தவர்கள் யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. தங்கம்.

"நானே கூப்பிட்டு வந்து நானே தோத்துட்டேன்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள் பரமேஸ்வரி. வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஜெயசித்ராவின் பதக்கம் நன்றாகத் தெரியும்படி அவளே நேராக்கிவிட்டுப் போட்டோவுக்கு நின்றாள். அந்தப் போட்டோ இப்போது எங்கள் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது.

ஜெயசித்ரா முதலில் தம்பிக்கு அடித்தார், கிடைக்கவில்லை. ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். பிறகு குழந்தைவேலுக்கு அடித்தார். அவர் கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பத்து தாண்டிட்டேன்" என்றார் ஜெயசித்ரா.

"இன்னாது? காது கேக்கல."

"பத்து மீட்டர். தங்கம் வாங்கிட்டேங்க."

குழந்தைவேல் ஏதோ கத்தினார். மிஷின் சத்தம் நின்றது. தளம் போடும்போது நடுவில் மிஷினை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மேஸ்திரி திட்டுவார். அன்றைக்கு மேஸ்திரியே அவர்தான்.

"இப்ப சொல்லு" என்றார். "இங்க எல்லாரும் நிக்கிறாங்க. போன ஸ்பீக்கர்ல போட்டுகிறேன். மொதல்லேர்ந்து சொல்லு."

ஜெயசித்ரா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.