கேப்டனின் ரத்தம்

என் அக்கா புருஷன் வெர்லின் கூட்ஸுக்கு ஸ்லேட் லிக் பள்ளத்தாக்கில் சொந்த நிலமும் மாடுகளும் இருந்தன. பிள்ளைகளும் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் பக்கத்துப் பண்ணை டாய்ல் பென்டர்கிராஸை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

டாய்லின் முன்னோர் கேப்டன் எலைஷா, இங்கிலாந்து ராஜாவை எதிர்த்த போரில் படை நடத்தியவர். அதனால் ஜூலையில் நடக்கும் சுதந்திர தின ஊர்வலத்தில் எப்போதும் முதல் வண்டி டாய்லுக்குத்தான். வெர்லின் சாலையோரம் நின்று பொருமுவார்.

"இவன் என்ன சண்டை போட்டான்? பன்னிக்கு வேலி கட்டத் தெரியாதவன்!"

அறுபது வயதுக்குமேல் அவரும் தன் வம்சத்தைத் தேடக் கிளம்பினார். எப்போதோ கோர்ட் எரிந்ததில் பழைய பிறப்பு, கல்யாணப் பதிவுகள் எல்லாம் சாம்பலாகியிருந்தன. மிச்சம் கல்லறைகள்தான். வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு, மலைமேல் இடுகாட்டின் புதர் மண்டிய மூலையில் கற்களின் பாசியைத் தேய்த்தார். துணைக்கு நானும் போவேன்.

குளிர் விட்ட ஒரு நாள், ஒரு கல்லில் எழுத்து தெரிந்தது: 'கெசையா. கேப்டன் எலைஷாவின் மகள். ஏமஸ் கூட்ஸின் மனைவி.'

ஏமஸ் வெர்லினின் நேர் மூதாதை. மனிதர் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு பக்கத்துக் கல்லையும் தேய்த்தார்: 'சைலஸ். கேப்டன் எடுத்து வளர்த்த மகன்.' டாய்ல் குடும்பம் இந்தச் சைலஸிடமிருந்து வந்தது. வெர்லின் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"மச்சான், இதை வெளிய சொல்ல வேணாம்."

"சொல்லாம இருப்பனா? மே மாசம் வரட்டும்."

மே கடைசியில் ஊரே கல்லறைகளுக்குப் பூ வைத்து, அங்கேயே சேர்ந்து சாப்பிடும். கோழி வறுவலும் சோள ரொட்டியும் பரப்பியிருந்த மேசையில் டாய்ல் கேப்டன் கதையைத் தொடங்கியதும் வெர்லின் எழுந்தார்.

"டாய்ல், உன் உடம்புல கேப்டன் ரத்தம் ஒரு சொட்டு இல்ல. சைலஸ் வளர்ப்புப் புள்ள. கல்லுலயே வெட்டியிருக்கு. கேப்டனோட சொந்த மக கெசையா எங்க பாட்டி, ரத்த வாரிசு நான்தான்!"

டாய்லின் முகம் வெளுத்தது. கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு, கல்லறைகள் பக்கம் திரும்பினார்.

"உங்க பாட்டி தானா வந்து பொறந்துச்சு, வளர்த்தாங்க," என்றார் மெதுவாக. "எங்க ஆளு அப்படியில்ல. இவன்தான் வேணும்னு கேப்டனே கூட்டிட்டு வந்திருக்காரு! இது இத்தனை நாளா தெரியாமப் போச்சே!"

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். டாய்ல் வந்து வெர்லினைக் கட்டிக்கொண்டார். "அப்ப நாம ஒரே குடும்பம்டா!"

மூவரும் வண்டியில் வீடு திரும்பும் வழியில் அக்கா கேட்டாள்: "ஏங்க, நினைச்சது கிடைச்சிருச்சு. இன்னும் ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?"

"இவன்தான் வேணும்னு கூட்டிட்டு வந்தாராம்ல? என்னை யாரு அப்படிக் கேட்டா?"

"நான் கேக்கல? அந்தக் காலத்துல டாய்ல் டான்ஸுக்குக் கூப்பிட்டப்போ, வெர்லினோடதான் வருவேன்னு சொல்லிட்டேனே!"

வெர்லின் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அவன் உன்னக் கூப்பிட்டானா? எப்போ?"

அந்தக் கோடை முழுக்க அக்கா வீட்டில் அந்த டான்ஸ் பேச்சுதான்.