நோரீன் கட்பர்ட்டின் தபால் படகு

நோரீன் கட்பர்ட்டின் கணவன் அவளைப் பிரிந்து டனீடன் நகரத்துக்குப் போனபோது, சண்டை போட்டு அவள் கேட்டு வாங்கிய ஒரே பொருள், தண்ணீரைப் பம்பால் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் அந்த ஜெட் படகு. ஏரியின் சாலை போகாத மேற்குக் கரையில் நான்கு ஆட்டுப் பண்ணைகள். ஐம்பத்தெட்டு வயதிலும் வாரம் இருமுறை அங்கே தபாலும் ரொட்டியும் மருந்தும் அவள்தான் கொண்டுபோகிறாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் படகு நடு ஏரியில் நின்றுவிட, சுற்றுலா வந்த ஒருவர் கயிறு கட்டிப் படு வேகமாக இழுத்துக் கொடுத்தார். கரை சேர்ந்தபோது எஞ்சின் செத்திருந்தது. எஞ்சின் ஓடாதபோது படகை வேகமாக இழுத்தால், ஏரித் தண்ணீர் அந்தப் பம்பு வழியாக எஞ்சினைக் குளிர்விக்கும் குழாயில் ஏறி, புகைக்குழாயை நிரப்பி, சிலிண்டருக்குள் இறங்கிவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க வேலையில்லாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பு பழுதாகிப் படகு நடு ஏரியில் மறுபடி நின்றது. மலை இடுக்கில் வடமேற்குக் காற்று கிளம்பியிருந்தது. ரேடியோவில் கூப்பிட்டதும் தன் படகில் வந்து சேர்ந்தான் டூகல் மெக்ராரி. மான் பண்ணைக்காரன், அவளோடு பள்ளியில் படித்தவன்.

"என்னடி, மறுபடியும் நின்னுட்டியா?"

"வாயை மூடிட்டுக் கயித்தைப் பிடி. நடக்கிற வேகத்துக்கு மேல போகாதே."

"நடக்கிற வேகமா? பின்னாடி பாரு. அரை மணியில அலை நம்ம ரெண்டு பேரையும் முழுங்கிடும்."

திரும்பிப் பார்த்தாள். ஏரி வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தது. அவன் சொல்வது சரிதான்.

வேகமாக இழுக்கவேண்டுமானால், தண்ணீர் ஏறாதபடி குளிர்விக்கும் ரப்பர் குழாயை நெருக்கி அடைக்க வேண்டும். அதற்கான கவ்வியைப் போன வாரம் எதற்கோ வீட்டுக்கு எடுத்துப் போனவள், திருப்பி வைக்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தாள். பண்ணைக்குப் போகவேண்டிய வேலிக் கம்பிச் சுருள் காலடியில் கிடந்தது. ஆப்பிள் பெட்டியை உடைத்து இரண்டு பலகைப் பட்டைகள் எடுத்து, குழாயை நடுவில் வைத்துக் கம்பியைச் சுற்றிக் குறடால் முறுக்கினாள். விரல் முட்டி கிழிந்தது.

"இப்போ போ!"

டூகல் வேகமெடுத்தான். அவள் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பாதி வழியில் ஒரு அலை தூக்கிப்போட்டதில் ஒரு பட்டை நழுவியது. உள்ளே தண்ணீர் விம்முவது கைக்குத் தெரிந்தது.

"நிறுத்துடா! நிறுத்து!"

காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். ஒருவழியாக அவன் திரும்பிப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். மறுபடி முறுக்கினாள், மறுபடி இழுத்தான்.

கரையில் முதல் வேலையாகக் குழாயில் சுற்றிய கம்பியை அவிழ்த்தாள். அதை மறந்து எஞ்சினை ஓட்டினால், குளிர்விக்கத் தண்ணீர் வராமல் எஞ்சின் வெந்துவிடும். பிறகு எட்டு சிலிண்டர்களின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு எஞ்சினை வெறுமனே சுழலவிட்டாள். ஏழு துளைகள் வெறும் காற்றை ஊதின. எட்டாவது ஒரு கரண்டித் தண்ணீரைத் துப்பியது.

"போச்சா?" என்றான் டூகல், இப்போது கேலி இல்லாமல்.

"பேசாம இரு."

தண்ணீர் நிற்கும்வரை சுழலவிட்டு, துளைகளில் எண்ணெய் ஊற்றினாள். மறுநாள் புதுப் பெட்ரோல் பம்பை மாட்டியதும், புகை கக்கிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"டீயாவது குடிச்சிட்டுப் போயேன்," என்றான் டூகல்.

"நேத்தே போகவேண்டிய மருந்துடா."

போகும்போதும் வரும்போதும் அவள் ஏரியைப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.